போரிவலி காட்டில் அருவியும் காட்டுப்பாதையும்: மழைக்காலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மும்பையில் மழை பிடித்துவிட்டால் நம் ஆட்கள் பாதிப் பேர் லோனாவாலாவுக்கும் மீதிப் பேர் கர்ஜத்துக்கும் கிளம்பிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறவர்களுக்குப் பாதி நாள் வண்டி நெரிசலிலேயே கழிகிறது. அதே கரும்பாறை, அதே பச்சை, பாறை மேலிருந்து விழும் அதே வெள்ளைத் தண்ணீர், லோக்கல் ரயில் சீட்டு விலையில் போரிவலியிலேயே இருக்கிறது. சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, பழகியவர்கள் வாயில் 'நேஷனல் பார்க்'. ஒரு பெருநகரத்தின் எல்லைக்குள்ளேயே நூறு சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான காடு, அதற்குள் சிறுத்தைகள், இரண்டு பெரிய ஏரிகள், கன்ஹேரி என்ற குன்றில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான பௌத்தக் குகைகள். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல வருடம் இருந்தும் கன்ஹேரி மேலே ஏறிப் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். இங்கே வருடம் முழுக்கக் கொட்டும் அருவி கிடையாது. மழை வந்தால் வரும், மழை போனால் போய்விடும். அதனால் எங்கே போவது என்பதைவிட என்றைக்குப் போவது என்பதுதான் இந்தப் பயணத்தில் பெரிய கேள்வி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

மும்பைக்குத் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் வருகிறது. முதல் மழையைப் பார்த்ததும் ஓடாதீர்கள். எட்டு மாதம் காய்ந்து கிடந்த மண் முதலில் தானே குடிக்கும், ஓடையில் சேற்றுத் தண்ணீர்தான் வரும். ஜூலையில் காடு நன்றாக ஊறிவிடும், அந்த ஒரு மாதத்தில் மட்டும் மும்பையில் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் முதல் பாதி வரைதான் அருவிக்குச் சரியான காலம்.

அதிலும் பலத்த மழை கொட்டும் நாளில் போகக் கூடாது. நன்றாகப் பெய்து ஓய்ந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ போங்கள். ஓடையில் தண்ணீர் நிறைய இருக்கும், ஆனால் தெளிந்திருக்கும். வானம் மூடியிருக்கும், தூறல் விட்டு விட்டு வரும், நடக்க வெயில் இருக்காது. இந்திய வானிலைத் துறை மும்பைக்கோ தானேவுக்கோ ஆரஞ்சு அல்லது ரெட் அலர்ட் கொடுத்திருந்தால் பேச்சே வேண்டாம், பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அந்த மாதிரி நாட்களில் மேலே போகும் வழியையே அடைத்துவிடுவதும் உண்டு.

வானிலையோடு கடல் ஏற்ற அட்டவணையையும் பாருங்கள். காட்டுக்கும் கடல் ஏற்றத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான், ஆனால் வீடு திரும்பும் வழிக்கு இருக்கிறது. ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நேரத்தில் கனமழையும் சேர்ந்துகொண்டால் நகரத்து மழைநீர் கடலுக்குள் வடியாது. சயான், குர்லா பக்கம் தண்டவாளம் மூழ்குவது அப்போதுதான். காட்டில் பத்திரமாக இருந்துவிட்டுக் குழந்தைகளோடு தாதரில் மாட்டிக்கொண்டு நிற்பதில் என்ன பயன்?

கிழமையும் முக்கியம். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைக்கிற மெகா பிளாக் வேறு இருக்கும். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள், அந்த அமைதிக்கு ஒரு நாள் விடுப்பு தாராளமாகத் தகும். சனிக்கிழமைதான் முடியும் என்றால் காலையில் வாசல் திறக்கும்போதே அங்கே நில்லுங்கள்.

போய்ச் சேர்வது

மாட்டுங்கா, தாராவி, மாஹிம் பக்கம் இருப்பவர்களுக்கு வெஸ்டர்ன் லைன்தான் சுலபம். மாட்டுங்கா ரோடிலோ மாஹிமிலோ போரிவலி ஸ்லோ ஏறி உட்கார்ந்தால் போதும், அவசரம் என்றால் தாதரிலிருந்து ஃபாஸ்ட். போரிவலியில் கிழக்குப் பக்கம் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம், நடந்தாலும் இருபது நிமிடத்துக்குள் வாசல் வந்துவிடும்.

செம்பூர், சயான், முலுண்டு ஆட்கள் இன்னமும் தாதர் போய் மாறுகிறார்கள், அது தேவையில்லை. எப்படியாவது காட்கோபர் வந்துவிடுங்கள், அங்கிருந்து மெட்ரோ ஒன்றாம் லைனில் வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே நிலையம், அங்கிருந்து நடைமேம்பாலம் வழியாகவே குந்தவலி, அங்கே ஏழாம் லைன். 'ராஷ்ட்ரிய உத்யான்' நிலையத்தில் இறங்கினால் பூங்கா வாசல் பக்கத்திலேயே. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, ஏறி இறங்க லிஃப்ட் இருக்கிறது, மழையில் நனையவும் வேண்டாம்.

பையில் என்ன வைப்பது

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, தொடை உரசிப் புண்ணாகும். சீக்கிரம் காயும் மெல்லிய பேன்ட், முழுக்கை சட்டை. கொசுவுக்கு அதுதான் முதல் மருந்து. குடையைத் தார் ரோட்டில் பிடிக்கலாம், பாறைப் படியில் ஏறும்போது இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், அதனால் ரெயின்கோட்.

செருப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கன்ஹேரியின் பாறை எரிமலைக் குழம்பிலிருந்து உண்டானது. வெயில் காலத்தில் காலைப் பிடித்து நிறுத்தும். மழையில் பாசி படர்ந்ததும் அதே பாறை எண்ணெய் தடவிய தோசைக்கல் ஆகிவிடும். ரப்பர் செருப்பும் தேய்ந்த ஷூவும் அங்கே எலும்பை முறிக்கும். அடியில் ஆழமான பள்ளங்கள் வெட்டிய ஷூ போடுங்கள், ஒரு ஜோடி காய்ந்த காலுறையை மூடிய கவரில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். புளியோதரை, சப்பாத்தி ரோல், வேகவைத்த வேர்க்கடலை, இந்த மாதிரி மணம் அதிகம் பரவாத, கொட்டாத சாப்பாடாக இருக்கட்டும். எல்லாம் எவர்சில்வர் டப்பாவில், டப்பா ஜிப் வைத்த முதுகுப் பைக்குள். கையில் கவரைத் தொங்கவிட்டுக்கொண்டு போனால் கன்ஹேரிக் குரங்குகள் பத்தடி போவதற்குள் பிடுங்கிவிடும், கவர் என்றால் உள்ளே தீனி என்று அவற்றுக்குத் தெரியும். பிடுங்கினால் இழுபறி செய்யாதீர்கள், விட்டுவிட்டு நகருங்கள். பல்லைக் காட்டிச் சிரிப்பதும் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பதும் அவற்றுக்குச் சண்டைக்கு அழைப்பது மாதிரி, குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். குரங்குக்கு ஒரு பிஸ்கட்கூடப் போடாதீர்கள். இன்றைக்கு நாம் போடுகிற பிஸ்கட்தான் நாளைக்கு இன்னொரு குழந்தையின் கையில் கடியாக விழுகிறது.

வாசலிலிருந்து கன்ஹேரி வரை

வாசலில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கன்ஹேரி தொல்லியல் துறையின் கீழ் வருவதால் மேலே தனிச் சீட்டு. வாசலிலிருந்து குகை அடிவாரம் ஆறு ஏழு கிலோமீட்டர் தார் ரோடு, போக மூன்று வழி இருக்கிறது.

பஸ்ஸில் போவது முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும். வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கிறது, அதுவும் நல்ல வழிதான், ஆனால் கடைசிப் பகுதி ஏற்றம், திரும்பும்போது அதுவே ஈரமான இறக்கம். வண்டியை எடுக்கும் இடத்திலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்துவிட்டு எடுங்கள்.

என்னைக் கேட்டால் போகும்போது நடையும் வரும்போது பஸ்ஸும்தான் சரி. இரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும். கூடவே தகிசர் ஆறு வரும். துளசி ஏரியிலிருந்து புறப்பட்டு இந்தக் காட்டுக்குள் வளைந்து ஓடிப் பிறகு நகரத்துக்குள் நுழைகிற ஆறு அது. ஊருக்குள் சாக்கடை நிறத்தில் அதைப் பார்த்தவர்கள் இங்கே பாலத்தில் நின்று பார்க்க வேண்டும், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். துளசி 1879-இல் கட்டி முடித்த ஏரி, அதன் தெற்கே விஹார் 1860-இல். இரண்டும் இன்றைக்கும் மும்பைக்குக் குடிநீர் கொடுக்கின்றன. விஹார், பவாய் ஏரிகளின் உபரித் தண்ணீர்தான் மித்தி ஆறாகித் தாராவி ஓரமாகக் கடலுக்குப் போகிறது. தாராவி வீட்டு வாசலுக்கு வந்து பயமுறுத்துகிற வெள்ளத்தில் இந்தக் காட்டில் பெய்த மழையும் இருக்கிறது. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை அந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காட்டு மண்ணும் வேர்களும் ஏரிகளும் பிடித்து வைத்துக்கொள்கிற தண்ணீர் எவ்வளவு என்பதை, ஓடை ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே ஊகித்துக்கொள்ளலாம்.

வழியில் புள்ளிமான் தெரியும், வண்ணத்துப்பூச்சிகள் ஏராளம். உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பும் நீலமுமாக ஒன்று பறந்தால் அது புளூ மார்மன், மகாராஷ்டிராவின் மாநில வண்ணத்துப்பூச்சி. காட்டுக்குள் வார்லி ஆதிவாசிகளின் குடியிருப்புகள் இருக்கின்றன. அந்தப் பெண்கள் ரோட்டோரம் கூடையில் வெள்ளரி, கொய்யா வைத்திருப்பார்கள், உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்கள். வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். நாம் இந்தக் காட்டுக்கு வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே அவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

அருவியும் குகையும் ஒரே தண்ணீர்

கன்ஹேரி குன்றைப் பிளந்துகொண்டு ஒரு பள்ளம் போகிறது, பள்ளத்தின் இரண்டு பக்கமும் பாறையைக் குடைந்த குகைகள், மொத்தம் நூற்றுக்கு மேல். மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தில் ஓடை பாய்ந்து படிப்படியாக விழுகிறது. மேலிருந்து பாறை முகத்தில் வெள்ளைக் கோடுகளாக இறங்குவது வேறு. மிக உயரமான அருவி என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கரும்பாறை, குகை வாசல், தண்ணீர் மூன்றும் ஒரே பார்வையில் விழுவதுதான் இங்கே அழகு.

சீட்டு வாங்கிப் படி ஏறியதும் மூன்றாம் குகைக்குப் போங்கள். பெரிய சைத்தியம், அதாவது பௌத்த வழிபாட்டுக் கூடம், முன்மண்டபத்தின் இரண்டு பக்கமும் ஏழு மீட்டர் அளவுக்கு நிற்கிற புத்தர் சிலைகள், உள்ளே தூண் வரிசையின் முடிவில் ஸ்தூபி. சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணி காலத்துக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் இதுவரை வந்தாலே போதும், மழை பெய்தாலும் நனையாமல் உட்கார்ந்திருக்கலாம், மற்றவர்கள் மேலே போய் வரட்டும். பிறகு பள்ளத்தை ஒட்டிய பதினோராம் குகை, உள்ளே நீளமாக இரண்டு கல் மேடைகள். காலில் தெம்பு இருந்தால் 41-ஆம் குகைக்கும் போய்ப் பதினொரு தலை அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவரைப் பாருங்கள். 90-ஆம் குகைச் சுவரில் 1009-லும் 1021-லும் வந்துபோன பார்சிகள் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்தில் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எல்லோரும் சிலையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் குகை வாசலுக்குப் பக்கத்தில் தரையைப் பாருங்கள். பெரும்பாலான குகைகளின் ஓரத்தில் பாறைக்குள் ஒரு சுனை வெட்டியிருக்கும். மேலே பாறைச் சரிவில் விரல் அகலத்துக்கும் கை அகலத்துக்கும் வாய்க்கால்கள் ஓடும், மழைத்தண்ணீரைச் சுனைக்குள் இறக்குவதற்கு. கல்யாண், சோபாரா, நாசிக் ஊர்களின் வணிகர்கள் குகையையும் சுனையையும் தானமாகக் கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பள்ளத்தின் மேல் பக்கம் ஓடைக்குக் குறுக்கே கட்டிய பழைய கல்லணையின் மிச்சம்கூட உண்டு. நாலு மாதம் கொட்டி எட்டு மாதம் காய்கிற குன்றில் அத்தனை துறவிகள் எப்படிக் குடியிருந்தார்கள் என்பதற்குப் பதில் அந்த வாய்க்கால்களில் இருக்கிறது. இதை வெயில் காலத்தில் பார்த்தால் வெறும் கீறல்தான். மழையில் பார்த்தால் இன்றைக்கும் தண்ணீர் அதே வாய்க்காலில் ஓடி அதே சுனையில் விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். இதற்காகவே மழைக்காலத்தில் போகச் சொல்கிறேன்.

உச்சிப் பாறை வரை ஏறுங்கள். மூடுபனி விலகும் நேரத்தில் ஒரு பக்கம் முழுக்கக் காடு, இன்னொரு பக்கம் போரிவலியின் அடுக்குமாடிகள். இடி இடித்தால் உடனே கீழே இறங்கிவிடுங்கள், மொட்டைப் பாறையில் நிற்கக் கூடாது.

தண்ணீரில் இறங்கலாமா?

இறங்காதீர்கள். குற்றாலம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அருவி என்றாலே தலையைக் கொடுத்து நிற்பதுதான் நினைவுக்கு வரும், அதுவும் இதே தென்மேற்கு மழையில் வருகிற அருவிதான். ஆனால் அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, தண்ணீர் ஏறினால் போலீஸ் தடுத்துவிடும். இங்கே பாறைக்கு மேல் ஓடுகிற காட்டு ஓடை, அவ்வளவுதான். பாறை தண்ணீரை உறிஞ்சாது, மேலே பெய்வது நிமிடங்களில் கீழே வந்துவிடும். நீங்கள் நிற்கிற இடத்தில் தூறல்கூட இல்லாமல், குன்றின் பின்புறம் கொட்டிய மழை திடீரென்று வரலாம்.

வருவதற்கு முன்னால் ஓடை சொல்லும். தெளிந்த தண்ணீர் காவி நிறத்துக்கு மாறும். இலையும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பிக்கும். சத்தம் கனத்துப் போகும். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் போட்டோவை நிறுத்திவிட்டு உயரமான பக்கம் ஏறுங்கள், ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் யாராவது இருந்தால் அங்கேயே மேட்டில் இருக்கச் சொல்லுங்கள், குறுக்கே நடந்து வர வேண்டாம். முழங்கால் அளவுத் தண்ணீர் வேகமாக ஓடினால் பெரிய ஆளையே புரட்டிவிடும். செல்ஃபிக்காக விளிம்பில் உட்காருவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காட்டுப்பாதை நடக்க

தார் ரோடும் கன்ஹேரிப் படிகளும் தவிர மற்ற பாதைகளில் நாமாக நுழைய அனுமதி கிடையாது. உண்மையான காட்டுநடை வேண்டுமென்றால் ஷிலோண்டா பாதைதான் தொடக்கத்துக்கு நல்லது. ஓடையை ஒட்டிய நடை, ஏற்றம் அதிகமில்லை, பத்து வயதுக்கு மேல் நடக்கிற பிள்ளை என்றால் தாராளமாக வரலாம். பூங்காவின் இயற்கைத் தகவல் மையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், அவர்களே வழிகாட்டியோடு காலையில் அனுப்புகிறார்கள். நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து பதிவு செய்தால் செலவும் பகிரும். கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறுவதால் ஒரு வாரம் முன்பே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியைவிட்டு முன்னால் ஓடாதீர்கள். கிளையையோ பாறை இடுக்கையோ பார்க்காமல் பிடிக்காதீர்கள். மழைக்காலத்தில் மூங்கில் குழிவிரியன் பச்சை இலையோடு இலையாகச் சுருண்டிருக்கும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேராக ஆஸ்பத்திரி.

சரி, சிறுத்தை. எல்லோரும் கேட்கிற கேள்வி இது. இந்தக் காட்டில் நாற்பது ஐம்பது சிறுத்தைகள் இருக்கின்றன, அவற்றுக்கு நம்மைப் பார்க்க விருப்பமில்லை, பகலில் கூட்டமாகப் பேசிக்கொண்டு போகிறவர்கள் கண்ணில் படுவது அபூர்வம். இருட்டுகிற நேரம்தான் அவற்றின் நேரம். அதனால் மாலை ஐந்துக்குள் கீழே இறங்கிவிடுங்கள், குழந்தைகளைக் கூட்டத்தின் நடுவில் விடுங்கள், தனியாக ஓரத்தில் குந்தி உட்கார வேண்டாம். எதிரே வந்துவிட்டால் ஓடாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்னால் நகருங்கள். வார்லிகள் வாகோபா என்ற தெய்வமாகக் கும்பிட்டுக்கொண்டு இந்த மிருகத்தோடு ஒரே காட்டில் குடியிருக்கிறார்கள், ஒரு நாள் போகிற நமக்குப் பயம் தேவையில்லை, கவனம் போதும். வனத்துறை உதவி எண் 1926, பொது அவசரத்துக்கு 112. உள்ளே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மழை முடிந்த பிறகு

அக்டோபரில் அருவி மெலிந்துவிடும், ஆனால் வண்ணத்துப்பூச்சிக்கு அதுவும் நல்ல மாதம். குளிர்காலம் பறவைக்காரர்களுக்கு. பிப்ரவரி, மார்ச்சில் புரசு பூத்துக் காடு ஆரஞ்சு நிறமாகும். கார்வி என்று ஒரு செடி சரிவெல்லாம் அடர்ந்திருக்கிறது, நம் குறிஞ்சிக்குச் சொந்தம். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு, இதற்கு எட்டு. 2016-லும் 2024-லும் ஊதா நிறத்தில் பூத்தது, அடுத்தது 2032.

ஷிலோண்டா பழகிவிட்டால் அடுத்ததாக நாக்ளா பக்கம் போகலாம். பூங்காவின் வடக்குத் துண்டு, நடையின் நடுவே வசாய் கழிமுகம் கீழே தெரியும். அதற்கும் அனுமதி வேண்டும், கன்ஹேரிக் கூட்டத்தில் ஒரு சிறு பங்குகூட அங்கே இருக்காது. காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.